526 மீட்டர்தானே, அதுல என்ன இருக்கு? (யார்க்‌ஷயர் மேட்டுல சைக்கிள்)

6 மே 2023

கோயமுத்தூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருந்தார், வெட்டாம அப்படியே போடறேன்: "யார்க்‌ஷயர் யார்க்‌ஷயர்னு உருகுறீங்க. மேப் எடுத்துப் பாத்தேன். நீங்க கொண்டாடுற பட்டர்டப்ஸ் கணவாய் மொத்தமே 526 மீட்டர். எங்க ஊரே 400 மீட்டர்ல இருக்கு. நான் கொல்லிமலை 70 கொண்டை ஊசியும் மிதிச்சு ஏறினவன். செப்டம்பர்ல லீட்ஸ்ல தங்கச்சி வீட்டுக்கு வரேன், இந்த மாதிரி மேடு ஒரு நாளைக்கு நாலு முடிச்சிரலாமா?"

முடிக்கலாம் சார், யாரு யாரை முடிக்கறதுங்கறதுலதான் கொஞ்சம் சந்தேகம். கிண்டல் பண்ணல. 2017ல இங்கிலாந்துக்கு, இந்த லீட்ஸ் ஊருக்கு வந்து எறங்கினப்ப நானும் இதே கணக்கைத்தான் போட்டேன். நமக்கு பெரியகுளம் பக்கம், காலேஜ் படிக்கறப்பவே பத்தலக்குண்டுல இருந்து கொடைக்கானலுக்கு ரெண்டு தடவை மிதிச்சிருக்கேன், 2,100 மீட்டர் பாத்தவனுக்கு 526 என்ன பெரிய இதுன்னு ஒரு மெதப்பு. அந்த மெதப்பு ஹாஸ் ஊரைத் தாண்டி பட்டர்டப்ஸுக்குப் போற சைமன்ஸ்டோன் ஏத்தத்துல பத்தாவது நிமிஷமே எறங்கிருச்சு.

கொடை ரோட்டை யோசிச்சுப் பாருங்க. 50 கிமீக்கு மேல தூரம், 1,800 மீட்டர் ஏத்தம், சராசரி சரிவு மூணரை பர்சென்ட்தான் வரும், அதாவது 100 மீட்டர் போனா மூணரை மீட்டர் ஏத்தம். பஸ்ஸும் லாரியும் ஏறணும்னு மலையைச் சுத்திச் சுத்திப் போட்ட ரோடு அது. ஒரு தாளத்துல கால் ஓட ஆரம்பிச்சா நாள் பூரா ஓடும், நடுவுல டீ, பலாச்சுளை எல்லாம் உண்டு. இங்க ரோடு சுத்தாது. எதிர்ல மேடு வந்தா அப்படியே அது மேல ஏறும், அந்தப் பக்கம் எறங்கும். 2014ல டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் இந்த வழியா போனப்ப பட்டர்டப்ஸ் ஏத்தம் 4.5 கிமீ, சராசரி 6.8 பர்சென்ட்னு போட்டிருந்தான். கேக்க சாதுவா இருக்குல்ல? நடுவுல ரோடு கொஞ்சம் அடங்கிப் போற இடத்தையும் சேர்த்துதான் அந்த 6.8. அதைக் கழிச்சுட்டா மிச்சம் இருக்கறது சுவரு. நான் அன்னிக்கு வச்சிருந்தது முன் பல்சக்கரத்துல 34 பல்லு, பின்னாடி 28 (பின்னாடி பல்லு கூடக் கூட மிதிக்க லேசு), கடைசி கியருக்கு மேல இன்னொரு கியர் இருக்கான்னு லீவரைத் தட்டித் தட்டிப் பாத்துட்டே ஏறினேன். இல்லைன்னு தெரிஞ்சும் கை தட்டுது.

இத்தனைக்கும் யார்க்‌ஷயர்லயே உசந்த ரோடு இதுதான், ஆனா கஷ்டமானது இது இல்ல. ரோஸ்டேல் சிம்னி பேங்க்னு ஒண்ணு இருக்கு, 33 டிகிரி சரிவு. அதைப் பத்தி அப்புறம்.

7 மே

நேத்து ஒரே பாராவுல ரெண்டு தப்பு. ரெண்டு பேர் பிடிச்சுட்டாங்க, நல்லது.

33 டிகிரி இல்ல, 33 பர்சென்ட். மூணடி முன்னாடி போனா ஒரு அடி மேல ஏறுது, டிகிரில சொன்னா 18 சொச்சம். 100 பர்சென்ட்டே 45 டிகிரிதான். 33 டிகிரில ரோடு போட்டா அது ரோடு இல்ல, ஏணி. பழைய போர்டுகள்ல "1:4", "1:3"ன்னு எழுதியிருப்பான், முறையே 25, 33 பர்சென்ட்.

உசந்த ரோடும் பட்டர்டப்ஸ் இல்ல. அதே ஹாஸ்ல இருந்து தெக்கால போற ஃப்ளீட் மாஸ் 589 மீட்டர். அதையும் நான் ஏறியிருக்கேன், ஏறிட்டே மறந்திருக்கேன். அன்னிக்கு மேல ஒரே மூடுபனி, பத்தடி ரோடும் பனிக்காலத்துக்கு நட்டு வச்ச கம்பமும் தவிர ஒண்ணும் தெரியல, கண்ணால பாக்காத எடம் கணக்குல நிக்கல போல.

10 மே

கியர் என்ன போடணும்னு மூணு பேர் கேட்டாச்சு. அபிப்பிராயம் வேண்டாம், கணக்கே போடுவோம்.

நான், சைக்கிள், தண்ணி, பையெல்லாம் சேர்த்து 85 கிலோ. 25 பர்சென்ட் ஏத்தத்துல மணிக்கு 5 கிமீ வேகத்துல போக, புவியீர்ப்பை ஜெயிக்கறதுக்கு மட்டும் 280 வாட் வேணும். நான் தம் கட்டி ஒரு மணி நேரம் தர்றது 200. அதாவது அந்த மேட்டுல என்னால நிதானமா ஏற முடியாது, நிதானம்ங்கற வேகமே அங்க கிடையாது. சரி மெதுவா போலாம்னா 5க்குக் கீழ சைக்கிள் பாம்பு மாதிரி நெளியுது. ஆக தம்மு தீர்றதுக்குள்ள மேடு தீரணும். அவ்ளோதான் விஷயம்.

34க்கு 28 போட்டா பெடல் ஒரு சுத்துக்கு இரண்டரை மீட்டர் போகும், 5 கிமீ வேகத்துல நிமிஷத்துக்கு 33 சுத்துதான் கால் சுத்தும், முட்டி அங்கதான் போகுது. 34க்கு 34 போட்டா அதே வேகத்துல 40 சுத்து. ஏழு சுத்து வித்தியாசம் பேப்பர்ல ஒண்ணுமில்ல, முட்டிக்குத் தெரியும். நான் 2019ல மாத்தினேன். கிளப்ல ஒரு பெரியவர் பாத்துட்டு "சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கே"ன்னார். இருக்கட்டும், சாப்பாடு முக்கியம்.

21 மே

சரி, ரூட். நான் அஞ்சாறு தடவை போனது, முதல் தடவை வர்றவங்களுக்கு இதைத்தான் சொல்லுவேன்.

ஹாஸ்ல ஆரம்பிங்க. வென்ஸ்லிடேல் சீஸ் செய்யற ஊரு, சந்தைத் தெரு, காலைல எட்டு மணிக்கே பேக்கரி வாசம். அங்கிருந்து வடக்கால சைமன்ஸ்டோன் வழியா பட்டர்டப்ஸ். கல்லுச்சுவரு முடியற எடத்துல ரோட்டுக்குக் குறுக்க ஒரு இரும்புக் கம்பி கிரிட் வரும், அதைத் தாண்டினா வேலி கிடையாது, வீடு கிடையாது, மரம்கூட கிடையாது. அதுக்குத்தான் மூர்னு பேரு. நம்மாளு பாத்தா பொட்டக்காடும்பான். கறுப்புக் கரி மண்ணு, தண்ணி ஊறிப்போய் நிக்கும், மேல புல்லும் ஹெதர் செடியும். காத்துக்குத் தடையே இல்லாததால காதுல ஓயாம ஒரு இரைச்சல், அதுக்கு நடுவுல கர்லூ பறவை ஒரு நீட்டு விசில் அடிக்கும் பாருங்க, அதைக் கேக்கறதுக்குன்னே மே மாசம் போகலாம்.

உச்சி தாண்டி எறங்கறப்ப ரோட்டோரத்துலயே பட்டர்டப்ஸ் குழிகள் இருக்கு, சுண்ணாம்புக்கல்லை மழைத்தண்ணி அரிச்சு அரிச்சு உண்டான குழி, 20 மீட்டர் ஆழம்ங்கறாங்க. சந்தைக்கு வெண்ணெய் கொண்டு போன விவசாயிங்க வெயில் நேரத்துல வெண்ணெயை இதுக்குள்ள எறக்கி வச்சுக் குளுமையா வச்சிருந்தாங்கன்னு கதை. நிறுத்திப் பாருங்க, சைக்கிளை மட்டும் சுவரு ஓரமா சாய்ச்சு வைங்க.

கீழ த்வெய்ட், மூக்கர், கன்னர்சைட், ரீத். இது ஸ்வேல்டேல் பள்ளத்தாக்கு, என் மனசுக்கு இந்த 17, 18 கிமீதான் மொத்த ரூட்டுக்கும் காரணம். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு கல்லு கொட்டாய், மாடும் வைக்கோலும் ஒண்ணாவே இருந்த கொட்டாய், ஜூன்ல போனா புல்வெளி பூரா பூ. ரோடு ஆத்தைத் தொட்டுத் தொட்டுப் போகுது, பெடல் தானா சுத்துற மாதிரி இருக்கும்.

ரீத் தாண்டி கிரின்டன்ல ரெண்டாவது ஏத்தம், டூர் கணக்குல 3 கிமீ 6.6 பர்சென்ட். மேல போனா பட்டாளத்துக்காரங்க சுட்டுப் பழகற எடம், செகப்புக் கொடி பறந்தா ரோட்டை விட்டு எறங்காதீங்க, ரோட்டுல போறதுக்குத் தடையில்ல. அப்படியே லேபர்ன் எறங்கி, பள்ளத்தாக்கு வழியா மேற்கால திரும்பி ஹாஸ். மொத்தம் 65லிருந்து 70 கிமீ.

திரும்பறப்ப எல்லாரும் போற மெயின் ரோட்டுல போகாதீங்க, காரும் பால் டேங்கரும் உரசும். ஆத்துக்கு வடகரைல கார்ப்பர்பி, ஆஸ்க்ரிக் வழியா இன்னொரு ரோடு ஓடுது. 1568ல ஸ்காட்லாந்து ராணி மேரியைச் சிறை வச்சிருந்த போல்டன் கோட்டையும் அந்தக் கரைலதான்.

22 மே

சொல்ல விட்டது ரெண்டு, ரெண்டும் ரத்தம் சம்பந்தப்பட்டது.

கம்பி கிரிட்டு: ஆடு மாடு தாண்டாம இருக்க ரோட்டுக்குக் குறுக்க பள்ளம் தோண்டி அதுமேல இரும்பு உருளை வரிசையா வச்சிருப்பான். மழைல அது சோப்பு. நேரா போங்க, பிரேக்கைத் தொடாதீங்க, ஹேண்டிலைத் திருப்பாதீங்க, பெடலை மட்டத்துல வச்சு உக்காந்த எடத்துல லேசா எழுந்துக்கங்க. என் எடது முழங்கைல இருக்கற தழும்பு மூணாவது தடவை போனப்ப கிடைச்சது. முதல் ரெண்டு தடவை பயந்து போனேன், மூணாவது தடவை பழகிருச்சுன்னு போனேன்.

ஆட்டுக்குட்டி: தாய் ரோட்டுக்கு ஒரு பக்கம், குட்டி இன்னொரு பக்கம் நின்னா, நீங்க கிட்ட வர்ற அந்த நேரம் பாத்து குட்டி தாய்கிட்ட ஓடும். ஓடலாம்னு இல்ல, ஓடும். ரெண்டு குட்டி இருந்தா ரெண்டாவது குட்டிக்கும் காத்திருங்க. நம்ம ஊர் ஆடும் இதைத்தானே பண்ணுது, இங்க சரிவுல 60 கிமீ வேகத்துல வர்றப்பதான் பாடம் மறந்து போகுது.

4 ஜூன்

ஒருத்தர் நல்லா கேட்டிருந்தார்: "மேட்டுப்பாளையம் குன்னூருக்கு 14 கொண்டை ஊசி போட்டுத் தந்தவன் வெள்ளைக்காரன், அவன் சொந்த ஊருல வளைவே போடத் தெரியாம போயிட்டானா?"

சிரிச்சேன், அப்புறம் யோசிச்சேன். நம்ம மலை ரோடுகள் இஞ்சினியர் அளந்து போட்டது, மாட்டு வண்டில காப்பி மூட்டையும் துரைமாரும் ஏறணும், அதனால சரிவைக் கட்டுப்படுத்திதான் ஆகணும். இங்க இந்த மூர் ரோடுகளை யாரும் போடல. பொதி சுமந்த குதிரையும், சந்தைக்கு ஓட்டிப்போன மாடும் நடந்த தடம் அது, மனுஷன் பின்னாடியே போய் தார் ஊத்திட்டான். பொதி குதிரைக்கு மேடு பெருசில்ல, கீழ சேறுதான் எமன், அதான் தடம் நேரா மேல ஏறி காஞ்ச முகட்டைப் பிடிச்சுக்குது. அளந்து போட்டதெல்லாம் பள்ளத்தாக்குல கார் போற ரோடு. ஆக, கஷ்டமான ரோடெல்லாம் குதிரை போட்ட ரோடு. என்னோட யூகமும் இதுல பாதி இருக்கு, சண்டைக்கு வராதீங்க.

ஊர்ப் பேருக்கும் இதே வயசு. நம்ம பட்டி, குறிச்சி, பாளையம் மாதிரி இங்க வால் ஒட்டும்: த்வெய்ட்னா காட்டை வெட்டித் திருத்தின நிலம், பெக்னா ஓடை, ஃபெல்னா மலை, கெல்ட்னா ஊத்து. எல்லாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கப்பல்ல வந்த நார்ஸ்காரங்க பேச்சு. மேப்ல "பெக்" பாத்தா அங்க ரோடு எறங்கி ஏறப்போகுதுன்னு அர்த்தம், மொழியறிவு முட்டிக்கு உதவற ஒரே எடம் இதுதான்.

மேப்னு சொன்னதும் ஞாபகம் வருது. ஆர்ட்னன்ஸ் சர்வேங்கற அரசாங்க மேப்ல ரோட்டு மேல அம்புக்குறி மாதிரி போட்டிருப்பான். ஒண்ணு இருந்தா 14லிருந்து 20 பர்சென்ட், ரெண்டு இருந்தா 20க்கு மேல. மீட்டர் உயரத்தைப் பாக்காதீங்க கோயமுத்தூர் சார், அந்த அம்பை எண்ணுங்க.

18 ஜூன்

மே 21ல எழுதின ரூட்டை வாபஸ் வாங்கறேன். ரோடு அதேதான், ஆரம்பிக்கற எடம் தப்பு.

போன வாரம் அதே வட்டத்தை அடிச்சேன். பட்டர்டப்ஸ் சரி, ஸ்வேல்டேல்ல பறந்தேன், நமக்கு கால் நல்லா வந்திருச்சுன்னு ஒரே பெருமை. கிரின்டன் ஏறி எறங்கி மேற்கால திரும்பினேன் பாருங்க, மூஞ்சில அறைஞ்ச மாதிரி காத்து. அப்பதான் புரிஞ்சது, ஸ்வேல்டேல்ல பறந்தது நான் இல்ல. இந்த ஊருல காத்து முக்காவாசி நாள் மேற்கு, தென்மேற்குல இருந்துதான். கிழக்க போனா தள்ளிவிடும், திரும்பறப்ப வட்டியோட வசூல் பண்ணும். கடைசி 25 கிமீ, ரெண்டு மேடு முடிச்ச காலு, சமதளத்துல 16 கிமீ வேகம். ஒரு பாட்டி எலக்ட்ரிக் சைக்கிள்ல கூடை நிறைய கீரையோட என்னைத் தாண்டிப் போனாங்க, குட் ஆஃப்டர்நூன் வேற.

அதனால: லேபர்ன்ல காரை நிறுத்துங்க, வட்டத்தை அதே திசைல சுத்துங்க. முதல்ல புதுக்காலோட எதிர்காத்துல மேற்கால போயிருங்க, வடகரை ரோட்டுலயே போனா ஹாஸ் ஊருக்குள்ளயே போகாம பட்டர்டப்ஸ் அடிவாரம் வந்துரும். அப்புறம் ஏத்தம், அப்புறம் பின்காத்துல ஸ்வேல்டேல், கடைசியா கிரின்டன், அங்கிருந்து எறக்கத்துலயே கார். இத்தனை வருஷம் ஹாஸ்ல ஆரம்பிச்சதுக்குக் காரணம் யோசிச்சா பேக்கரியைத் தவிர ஒண்ணும் தோணல.

2 ஜூலை

கார் இல்லாதவன் என்ன பண்றதுன்னு கோபமா ஒருத்தர். நியாயம். நானும் முதல் மூணு வருஷம் ரயில்தான்.

லீட்ஸ்ல இருந்து செட்டில் கார்லைல் லைன்ல கார்ஸ்டேல்ல எறங்குங்க. 24 வளைவு ரிபிள்ஹெட் பாலம் மேலயே ரயில் போகும், அந்த டிக்கெட் காசு அதுக்கே சரியாப்போகும். கார்ஸ்டேல்ல இருந்து ஹாஸ் 10 கிமீ, பெரும்பாலும் எறக்கம், பின்காத்து. அங்கேயிருந்து வட்டம் அடிச்சுத் திரும்பினா மொத்தம் 85லிருந்து 90 கிமீ. பிரச்சனை திரும்பறப்பதான், 18 ஜூன்ல நான் திட்டின எதிர்காத்து அப்படியே உங்களுக்கு, கூடவே ஹாஸ்ல இருந்து ஸ்டேஷனுக்கு மெல்ல மெல்ல ஏத்தம், மெயின் ரோட்டை விட்டு ஸ்டேஷனுக்குத் திரும்பற சந்து வேற செங்குத்து. ரயிலைப் பிடிக்க ஓடறவனுக்குன்னு வச்ச மாதிரி.

வண்டிக்கு ரெண்டு சைக்கிள்தான், முன்பதிவு கிடையாது, முந்தினவனுக்கு எடம். ஒரு ஸ்டேஷன்ல (பேர் வேண்டாம்) மூணாவது ஆளா நின்னு கையாட்டிட்டு வீட்டுக்குப் போயிருக்கேன்.

13 ஆகஸ்ட்

ரோஸ்டேல் போயிட்டு வந்தேன். சிம்னி பேங்க்கைப் பத்தி அப்புறம் சொல்றேன்னு மே மாசம் சொன்னது, அப்புறம் வந்தாச்சு.

இது இதுவரைக்கும் சொன்ன டேல்ஸ் (பள்ளத்தாக்கு) பக்கம் இல்ல, கிழக்கால நார்த் யார்க் மூர்ஸ். ஆகஸ்ட்ல போகணும்னு வச்சிருந்ததுக்குக் காரணம் ஹெதர், மலை மொத்தமும் ஊதா. நம்ம குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூத்தா ஊரே வண்டி கட்டிப் போகுது, இது வருஷா வருஷம் பூக்குது, இங்க உள்ளவன் நிமிந்துகூட பாக்கறதில்ல. கிட்ட போய்ப் பாத்தா மலை ஒரே நிறமில்ல, ஒட்டுப்போட்ட துணி மாதிரி கட்டம் கட்டமா இருக்கு. கிரவுஸ் கோழிக்கு இளந்தளிர் வேணும்னு பகுதி பகுதியா எரிச்சு விடற தடம் அது. ஆகஸ்ட் 12 அந்தக் கோழி வேட்டை ஆரம்பிக்கற நாள், அதனால நேத்து நான் போனப்ப தூரத்துல டப் டப்னு சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. என் நிலைமைக்குப் பின்னணி இசை.

ஏத்தம் ஒன்றரை கிமீகூட கிடையாது. ரோஸ்டேல் அபே கிராமத்துல இருந்து பாக்கறப்பவே தெரியுது, ரோடு எதிர்ல நிமிந்து நிக்குது. 34க்கு 34ல ஆரம்பிச்சேன். முதல் கொஞ்ச தூரம் பரவால்ல. வளைவு வந்த எடத்துல உள்பக்கம் பிடிச்சேன், அதுதான் தப்பு, உள்பக்கம்தான் இன்னும் செங்குத்து. பின்னால சாஞ்சு உக்காந்தா முன்சக்கரம் தரையை விட்டு எழும்புது, எழுந்து நின்னா பின்சக்கரம் ஈர ரோட்டுல வழுக்குது. மூக்கை ஹேண்டில் மேல வச்சு அரை உக்கார்றதுமா அரை நிக்கறதுமா நாலு மிதி. அஞ்சாவது மிதி வரல. பெடல் மேல பாதில நின்னுருச்சு, சைக்கிளும் நின்னுருச்சு, ஷூ பெடல்ல மாட்டியிருக்கு, கழட்டணும்னு மூளை சொல்லுது கால் கேக்கல. ஆடாம அசையாம நின்ன எடத்துலயே வாழைமரம் மாதிரி மெதுவா வலது பக்கம் சாஞ்சேன். விழுந்ததுல அடியில்ல, ஆனா விழுற நேரம் ரொம்ப நீளம். பின்னால வந்த கார்க்காரர் கண்ணாடியை எறக்கி "யூ ஆல்ரைட் லவ்?"ன்னார். 50 வயசு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையை லவ்னு கூப்பிடறது இந்த ஊருல சாதாரணம், எனக்கு ஆறு வருஷமாகியும் கூச்சம் போகல.

மிச்சத்தைத் தள்ளிட்டுதான் ஏறினேன், அந்தச் சரிவுல திரும்ப ஏறி உக்கார முடியாது. மேல ஏறினா இரும்புத்தாது சுட்ட பழைய சூளைகள் வளைவு வளைவா நிக்குது. பேருக்குக் காரணமான சிம்னி இப்ப இல்ல, 1972ல இடிச்சுட்டாங்க. அந்தத் தாதை எடுத்துட்டுப் போக பள்ளத்தாக்கைச் சுத்தி மேலயே ஒரு ரயில் பாதை இருந்திருக்கு, 1929ல மூடினது, தடம் இன்னும் இருக்கு. மலை விளிம்புல மட்டமா, அழகா வளைஞ்சு வளைஞ்சு போகுது. பாத்தீங்களா, ரயிலுக்குன்னா மட்டும் வளைக்கத் தெரிஞ்சிருக்கு.

14 ஆகஸ்ட்

வீடியோ கேக்கறவங்களுக்கு: இல்ல. இருந்தாலும் இல்ல.

24 செப்டம்பர்

கோயமுத்தூர்க்காரர் வந்துட்டார். நேத்து ரெண்டு பேரும் போனோம், எனக்குக் காரு சர்வீஸ்ல இருந்ததால ரயில்தான்.

முதல்ல ஒத்துக்க வேண்டியது. பட்டர்டப்ஸ்ல என்னை விட்டுட்டுப் போயிட்டார். வாடகை சைக்கிள், பின்னாடி 32தான், ஒரு எடத்துலகூட எறங்கல. உச்சில கைகட்டி நின்னு "இதுக்கா நாலு மாசம் எழுதினீங்க?"ன்னார். நாலு மாசக் கணக்கு, 280 வாட்டு எல்லாம் காத்துல போச்சு. எடை 58 கிலோ மனுஷன், என் கணக்கு என் தொப்பைக்குப் போட்ட கணக்குங்கறது அங்கதான் உறைச்சது. 2014 டூர்ல அன்னிக்கு மலை ஏறறவனுக்குக் குடுக்கற புள்ளிச் சட்டையை வாங்கின யென்ஸ் ஃபோய்க்ட்டுக்கு 42 வயசு, அதைச் சொல்லி மனசைத் தேத்திக்கலாம்னு பாத்தா இவருக்கு 46.

ஆனா எறக்கத்துல கதை மாறிச்சு. கையுறை எடுத்துக்கங்கன்னு சொன்னேன், கேக்கல, செப்டம்பர்தானேன்னுட்டார். உச்சில மழைத்தூறல், வேர்வை ஊறின சட்டை, அப்படியே காத்துல எறங்கினா உடம்பு ரெண்டே நிமிஷத்துல விறைச்சுரும். த்வெய்ட்ல பாத்தா விரல் மடங்கல, பிரேக்கை உள்ளங்கையால அமுக்கிட்டு வந்திருக்கார். கொல்லிமலைல ஏறினா மேல குளுரும், எறங்க எறங்க சூடு வரும், இங்க கீழயும் அதே குளிர்தான்னு அவர் சொன்னது எனக்கு இத்தனை நாள் தோணாத பாயிண்ட்டு. மூக்கர்ல ஒரு டீக்கடைல முக்கால் மணி நேரம் கோப்பையைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தார். குடிக்கல, பிடிச்சுட்டு இருந்தார்.

அந்த முக்கால் மணி நேரம்தான் அப்புறம் உதைச்சது. கிரின்டனுக்கு அந்தாண்ட லேபர்ன் போகாம ரெட்மயர்ல எறங்கிக் கொஞ்சம் மிச்சம் பிடிச்சோம், இருந்தும் எதிர்காத்து. 10 கிமீ ஒருத்தர் முன்னாடி, 10 கிமீ இன்னொருத்தர்னு மாத்தி மாத்தி வந்தோம், அவர் பின்னாடி ஒளியறதுல எனக்குப் பிரயோஜனமே இல்ல, பாதி ஆளுதான் மறையறார். ஸ்டேஷன் சந்து ஏறி மேல வர்றோம், ரயில் கிளம்பிப் போயிட்டே இருக்கு. ரெண்டு நிமிஷம். அடுத்த வண்டிக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல.

கார்ஸ்டேல்ல கடைகண்ணி ஒண்ணும் கிடையாது. பிளாட்பாரத்துல ஒரு நாய் சிலை இருக்கு, ரஸ்வார்ப்னு பேரு. 1980கள்ல இந்த லைனையே மூடிரலாம்னு அரசாங்கம் கிளம்பினப்ப ஆயிரக்கணக்கான பேர் ஆட்சேபணை எழுதிப் போட்டதுல இந்த நாயோட பாதத் தடமும் ஒண்ணு, டிக்கெட் எடுத்துப் போற பயணிதானேன்னு சேர்த்துக்கிட்டாங்க. 1989ல லைன் பொழைச்சது. அடுத்த வருஷம் அதோட எஜமானர் வேல்ஸ் மலைல நடக்கப் போய் இறந்துட்டார், கண்டுபிடிக்கறப்ப 11 வாரம் ஆயிருந்தது, நாய் பக்கத்துலயே உசுரோட இருந்திருக்கு.

இதைச் சொன்னேன். அவர் ஒண்ணும் பேசல, பைல இருந்து கோவில்பட்டி கடலைமிட்டாயை எடுத்தார், ஊர்ல இருந்து கொண்டு வந்தது, குளிர்ல கல்லாயிருச்சு. சுவத்துல தட்டி உடைச்சு எனக்குப் பாதி குடுத்துட்டு சிலையைப் பாத்தபடியே, "நாய் கையெழுத்துப் போட்டு நிறுத்தி வச்ச ரயிலை நாம டீ குடிச்சு விட்டுட்டோமே"ன்னார். நீங்க எங்க குடிச்சீங்கன்னு கேக்க வாயெடுத்தேன், கடலைமிட்டாய் பல்லுல ஒட்டிக்கிச்சு.

இருட்டின பிறகு வண்டி வந்துச்சு. உள்ள ஏற்கனவே ஒரு சைக்கிள் நிக்குது. கார்டு அதைப் பாத்தார், எங்க ரெண்டு சைக்கிளையும் பாத்தார், தண்ணி சொட்டற எங்க ஷூவைப் பாத்தார், ஒண்ணும் சொல்லாம அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டார்.

25 செப்டம்பர்

அவர் கையுறை வாங்கிட்டாராம். சனிக்கிழமை ரோஸ்டேல் போலாமான்னு மெசேஜ். நான் இன்னும் பதில் போடல.